கல்லையும் ஒளியையும் அளந்தவர் கே.ஏ.சி. கிரெஸ்வெல்

மாபெரும் கட்டடங்களை எழுப்பிய மன்னர்களின் பெயர்களை வரலாறு போற்றி வைத்திருக்கிறது. அக்கட்டடங்களை முழம் முழமாக அளந்து, ஒளிப்படமாக்கி, காலத்தை வரையறுத்துப் பின்வந்தோர் கையில் ஒப்படைத்தவர்களையோ எளிதில் மறந்துவிடுகிறது. அவ்வாறு மறக்கத் தகாதவர்களுள் ஒருவர் கெப்பல் ஆர்ச்சிபால்டு கேமரன் கிரெஸ்வெல்.

1879ஆம் ஆண்டு இலண்டனில் பிறந்த இவர் பயின்றது மின்பொறியியல். பார்த்த வேலையோ தொழில் நிறுவனத்திலும் வங்கியிலும். ஆயினும் உள்ளம் கீழைநாட்டுக் குவிமாடங்களையே நாடியது. பாரசீகக் குவிமாடங்களைப் பற்றி 1913, 1914ஆம் ஆண்டுகளிலேயே ஆய்வுக் கட்டுரைகள் வெளியிட்டார். இந்தியத் தொல்லியல் துறையில் பணியாற்ற விழைந்து 1914இல் விண்ணப்பித்தார், அவ்வாய்ப்புக் கிட்டவில்லை. முதல் உலகப் போரே இவரைக் கீழைநாட்டிற்குக் கொண்டு சேர்த்தது. 1916இல் பிரித்தானிய வான்படையில் சேர்ந்து எகிப்து வந்தார். போர் முடிந்தபின், 1919இல், சிரியா, பாலஸ்தீனப் பகுதிகளின் நினைவுச் சின்னங்களைப் பார்வையிடும் பொறுப்பு இவரிடம் வந்தது. அலெப்போ, அம்மான், ஹைஃபா, ஜெரூசலம் எனச் சென்ற இடமெல்லாம் அளவுகோலும் ஒளிப்படக் கருவியும் உடன் சென்றன.

ஜெரூசலத்தில் இவர் உள்ளத்தைக் கவர்ந்தது குப்பத்துஸ் ஸக்ரா. உமையா கலீஃபா அப்துல் மலிக் காலத்தில், ஹிஜ்ரி 72ஆம் ஆண்டில், அதாவது கி.பி. 691-92இல் எழுந்த கட்டடம் அது. நடுவே புனிதப் பாறை. அதனைச் சூழ நான்கு கட்டுத்தூண்களும் பன்னிரண்டு தூண்களும் கொண்ட வட்டம். அதற்கு அப்பால் எண்கோண வளைவு வரிசை. மேலே மரத்தாலான இரட்டைக் குவிமாடம். எண்கோண வரிசையின் இருபுறமும் ஏறத்தாழ 240 மீட்டர் நீளத்திற்குப் பொன்னெழுத்துகள் ஓடுகின்றன. அவ்வெழுத்துகளில் அப்துல் மலிக்கின் பெயரை நீக்கி அப்பாசியக் கலீஃபா மஃமூனின் பெயரைப் பொறித்தவர்கள், ஆண்டை மாற்ற மறந்தனர்; கட்டியவர் யார் என்பதை அந்த ஆண்டே காட்டிக் கொடுத்துவிட்டது.

இத்தகைய கட்டடத்தின் உட்புறத்தைப் படமெடுப்பது எளிதன்று. குவிமாடத்தின் நேர் அடியில் நிற்க இயலாது. அவ்விடத்தைப் பாறை நிறைத்திருக்கிறது. வண்ணக் கண்ணாடிச் சாளரங்கள் வழியே வரும் ஒளியோ கண்ணைக் கூசச் செய்யும். ஆனால் வளைவுகளின் அடியில் இருள் உறையும். சாளரத்திற்கு ஏற்ப ஒளியை அளந்தால் சுவர் மறையும். சுவருக்கு ஏற்ப அளந்தால் சாளரம் வெளுத்துப் போகும். கருவியை மேல்நோக்கிச் சாய்த்தால் நேரான தூண்கள் படத்தில் ஒன்றையொன்று நோக்கிச் சரியும். ஆகவே முக்காலியில் கருவியை அசையாது நிறுத்தி, வில்லையைமட்டும் உயர்த்தி, நெடுநேரம் ஒளியை உள்வாங்கச் செய்வதே அக்காலத்து முறை. பொறுமையற்றவர்க்கு அக்கலை கைவராது.

கிரெஸ்வெல்லுக்குப் படம் அழகுப்பொருள் அன்று, சான்று. படத்தோடு அளவும், அளவோடு ஆவணமும் ஒத்துவந்தால்தான் ஒரு முடிவைக் கூறுவார். குவிமாடத்தின் உள்விட்டம் 20.44 மீட்டர் என்று அளந்து, அருகிலுள்ள கிறித்தவத் திருக்கல்லறைக் கோயிலின் வட்டக் கூடத்தோடு அதனை ஒப்பிட்டுக் கட்டடத்தின் அமைப்பை ஆராய்ந்தார்.

எகிப்தின் ஃபுஆது மன்னர் ஆதரவளிக்க, 1920 முதல் கெய்ரோவே இவர் இல்லமாயிற்று. உமையாக்கள் காலக் கட்டடக் கலை பற்றிய பெருநூல் 1932இலும், அதன் இரண்டாம் தொகுதி 1940இலும் வெளிவந்தன. எகிப்தின் இஸ்லாமியக் கட்டடங்களைப் பற்றிய தொகுதிகள் 1952, 1959ஆம் ஆண்டுகளில் தொடர்ந்தன. கெய்ரோப் பல்கலைக்கழகத்தில் இருபது ஆண்டுகள் பேராசிரியராக விளங்கினார். 1956இல் சூயஸ் போர் மூண்டபோது எகிப்தில் வாழ்ந்த ஆங்கிலேயர் பலர் வெளியேற நேர்ந்தது. கிரெஸ்வெல்லின் அரிய நூலகம் கெய்ரோவின் அமெரிக்கப் பல்கலைக்கழகத்திற்கு மாறியது. அவரும் அங்கேயே பணியைத் தொடர்ந்தார். 1970இல் சர் பட்டம் பெற்றார். நோயுற்று 1973இல் தாயகம் திரும்பி, 1974இல் மறைந்தார்.

குறை காணாது இவரைப் போற்றுதல் ஆய்வு நெறியன்று. இஸ்லாம் தோன்றிய காலத்து அரேபியாவில் கட்டடக் கலை என்று சொல்லத்தக்கது இல்லை என்பது இவர் கருத்து. பின்வந்த ஆய்வாளர் பலர் தக்க சான்றுகளோடு அதனை மறுத்தனர். கட்டடம் எவ்வாறு எழுந்தது என்று ஆராய்ந்த அளவுக்கு, மக்கள் அதனை எவ்வாறு உணர்ந்தனர் என்று இவர் ஆராயவில்லை என்பதும் உண்மையே.

ஆயினும், அவரை மறுப்போரும் அவர் எடுத்த படங்களையே கையில் கொள்ள வேண்டியுள்ளது. 1927 நிலநடுக்கத்திற்குப்பின், 1938 முதல் 1942 வரை அல் அக்ஸா பள்ளிவாசலின் பெரும்பகுதி இடித்துக் கட்டப்பட்டது. 1959 முதல் 1964 வரை நடந்த திருப்பணியில் குப்பத்துஸ் ஸக்ராவின் ஈயக் கூரை நீங்கிப் பொன்னிற அலுமினியக் கூரை வந்தது. பழைய தோற்றத்தைக் காண விழைவோர்க்கு அக்காலத்து அளவுகளும் படங்களுமே துணை. கருத்துகள் மாறும், நேர்மையாக எடுத்த அளவு மாறுவதில்லை. ஆய்வுத் துறையில் அடியெடுத்து வைக்கும் மாணவர்கள் கிரெஸ்வெல்லிடம் கற்க வேண்டிய பாடம் இதுவே: முதலில் அளந்து கொள்க; பிறகு கருத்துரைக்க.