பெயரைத் தைத்தவரும் பெயரை இழந்தவரும்

ஆடையொன்றின் கழுத்துப்புறத்தை மடித்துப் பார்ப்பின், செய்தவர் பெயர் நெய்யப்பெற்ற சிறு துணித்துண்டு ஒன்று உட்புறத்தே தைக்கப்பட்டிருத்தலைக் காணலாம். விரலளவினும் குறுகிய அத்துண்டிலே ஒருவரது புகழும் பொருளும் அடங்கிக் கிடத்தல் கூடும். தையற்காரர் பெயரை ஆடையிற் பொறிக்கும் வழக்கத்தைப் பாரிஸ் நகரிலே வேரூன்றச் செய்தவர், இங்கிலாந்திற் பிறந்து அங்கே தொழில் நடத்தி 1895 இல் மறைந்த சார்ள்ஸ் வேர்த் என்பவராவர். அவர் காட்டிய நெறியிற் சென்று, ஆடையோடு அமையாது வாசனைத் திரவியம், திரைச்சீலை, வீட்டுத் தளபாடம் என்பவற்றிலும் தம் கைவண்ணத்தைப் பதித்து, ஈற்றிலே தம் பெயரைத் தாமே வழங்க இயலாத நிலையை எய்தியவர் போல் புவாரே. அவர் வரலாற்றைச் சுருங்கக் கூறுவாம்.

புவாரே 1879 ஆம் ஆண்டு ஏப்ரில் மாதம் பாரிஸ் பெருஞ்சந்தையை அடுத்த பகுதியிலே துணி வணிகர் ஒருவருக்கு மகனாகப் பிறந்தார். மகன் கலைக்கனவிலே மிதத்தலைக் கண்ட தந்தையார், அவனது செருக்கு அடங்குமாறு குடை செய்வார் ஒருவரிடம் தொழில் பயில விடுத்தார். குடைக்கு வெட்டி எஞ்சிய பட்டுத் துணுக்குகளை இளைஞர் வீட்டுக்குக் கொண்டு சென்றார். சகோதரியர் கொடுத்த மரப்பாவை ஒன்றுக்கு அத்துணுக்குகளைப் பலவாறு உடுத்தி உடுத்தி, துணியானது உடலின்மேல் எவ்வாறு விழும், எவ்விடத்தே மடியும் என்பதைத் தாமே கற்றுக்கொண்டார். அடக்குதற்கு இட்ட வேலையே ஆக்கத்துக்கு வழியாயிற்று.

1898 ஆம் ஆண்டளவில், அவர் வரைந்த ஆடை ஓவியங்கள் பன்னிரண்டை ஷெருயி அம்மையார் விலைகொடுத்து வாங்கினார். பின்னர், புகழ்பெற்ற யாக் துசேயின் நிலையம் அவரைப் பணியில் அமர்த்தியது. அங்கே அவர் ஆக்கிய செந்நிறப் போர்வையொன்று நானூறு படி விற்பனையாயிற்று என்பர். படைச்சேவைக்குப் பின், 1901 இல், வேர்த்தின் புதல்வர் நடத்திய நிலையத்தைச் சேர்ந்தார். அரசியர்க்குப் பேருடை தைத்த அந்நிலையத்தார், அன்றாடம் உடுத்தும் எளிய ஆடைகளும் வேண்டப்படுதலை உணர்ந்து அப்பணியை இவர்பால் ஒப்புவித்தனர். பெருவிருந்திலே உருளைக்கிழங்குப் பொரியல் பெறும் இடமே இவர்க்கும் அங்கே கிடைத்தது. சீனத்து அங்கியின் வெட்டைத் தழுவி இவர் தைத்த கருநிற மேலங்கியைக் கண்டு உருசிய இளவரசி ஒருத்தி வெகுண்டு இகழ்ந்தாள். இகழப்பட்ட அவ்வெட்டே சில ஆண்டுகளிற் பாரிசின் வழக்காயிற்று.

1903 இலே, தாயார் உதவிய பணத்தைக் கொண்டு புவாரே சிறு கடையொன்றைத் தொடங்கினார். பேர்பெற்ற நாடக நடிகை ரெழான் அங்கு வந்து ஆடை பெற்றமையால் மற்றையோரும் வரலாயினர். 1905 இல், தம் இளமைத் தோழியாகிய தெனிசை மணந்தார். நாட்டுப்புறத்திலிருந்து வந்த மெலிந்த உருவினளாகிய அப்பெண்ணைப் பாரிசு மாதர் முதலிற் பொருட்படுத்தவில்லை. ஆயின், தம் புத்தாடைகளை அவர் அவளுக்கே முதலில் உடுத்திப் பார்த்தார். புவாரேயின் கலைக்கு உருவங் கொடுத்தவள் அவள் எனல் மிகையன்று.

அக்கால ஐரோப்பிய மாதர் அணிந்த கோர்செற் என்னும் இறுக்குகச்சின் இயல்பை ஈண்டு அறிதல் வேண்டும். திமிங்கில எலும்பும் உருக்குத் தகடும் வைத்துத் தைத்து, முதுகுப்புறத்தே கயிற்றால் இழுத்துக் கட்டப்படுவது அது. மார்பு முன் தள்ளவும் இடை ஒடுங்கவும் உடல் இருகூறாக வளையவும் அஃது இறுக்கும். மூச்சும் நடையும் தடைப்படும். 1906 ஆம் ஆண்டளவில், புவாரே அக்கச்சு வேண்டாத ஆடைகளை வெட்டினார். இடையைப் பற்றி நின்ற ஆடையின் பாரத்தைத் தோளுக்கு மாற்றியதே அவர் செய்த புதுமை. மார்பின் கீழ்த் தொடங்கி நேராக வீழும் அவ்வாடைகளிலே வெட்டுக் குறைவு, தையலும் குறைவு, துணி தன்னியல்பிலே தொங்கிற்று.

கோர்செற்றை ஒழித்தவர் இவர் ஒருவரே எனக் கூறுதல் பொருந்தாது. துசேயின் நிலையத்திற் பணிசெய்த மடலேன் வியொன்னே என்னும் பெண்மணியும் அக்காலத்தே அதனை நீக்கினார். அன்றியும், 1910 ஆம் ஆண்டளவில் புவாரே கணுக்காலருகே ஒடுங்கும் பாவாடையைப் புகுத்தினார். அதை உடுத்தோர் எட்டி அடிவைக்க இயலாது தளர்ந்து நடந்தனர். மார்பை விடுவித்த கையே காலைப் பிணித்தது. இதனை அவரே பின்னாளில் ஒப்புக்கொண்டார். விடுதலை தருவோனாகத் தன்னை எண்ணுபவன் தன் விருப்பத்தையே பிறர்க்கு விதியாக்குதல் உலகியல்பு போலும்.

கீழைத்தேயங்களின் வண்ணங்களும் வடிவங்களும் அவர் உள்ளத்தைக் கவர்ந்தன. இலண்டன் தென் கென்சிங்டன் நூதனசாலையில் இந்தியத் தலைப்பாகைகளைக் கண்டு வியந்து, அவற்றைப் பார்த்துப் படியெடுக்கத் தம் நிலையத்துப் பணிப்பெண்ணொருத்தியைப் பாரிசிலிருந்து வருவித்தார். சின்னாளிற் பாரிசு மாதர் தலைகளிலே பாகைகள் ஏறின. தம் ஆடைகளை வரைந்து நூலாக்க 1908 இல் போல் இரீப் என்னும் ஓவியரையும், 1911 இல் ஜோர்ஜ் லெப்பாப் என்பாரையும் அமர்த்தினார். 1909 இல், பிரித்தானியப் பிரதமர் அஸ்குவித்தின் மனைவியார் இவரைப் பிரதமர் இல்லத்துக்கு அழைத்து ஆடைகளைக் காட்டச் செய்தபோது, அந்நியர் வணிகத்துக்கு அரசின் மனை இடங்கொடுப்பதா எனப் பத்திரிகைகள் ஆரவாரித்தன.

1911 ஆம் ஆண்டு அவர் செய்த செயல்களுள் ஆசிரியராயினார் அறிந்து மகிழத்தக்கது ஒன்றுண்டு. தம் மகளின் பெயரால் மார்தின் என்னும் கலைக்கூடத்தை நிறுவி, தொழிலாளர் குடும்பத்துச் சிறுமியரை அங்கே சேர்த்தார். பாடமுமில்லை; திருத்தலுமில்லை. சிறுமியர் பூங்காவுக்கும் விலங்குக் காட்சிச்சாலைக்கும் அழைத்துச் செல்லப்பட்டனர். கண்ட இலையையும் பூவையும் விலங்கையும் தாம் கண்டவாறே வரைந்தனர். நல்லனவற்றைப் புவாரே விலைகொடுத்துப் பெற்றுக் கம்பளங்களிலும் திரைகளிலும் சுவர்த்தாள்களிலும் பதிப்பித்தார். அவ்வாண்டிலேயே ஓவியர் றாவுல் தூபிக்குத் துணியச்சடிக்கும் சிறு தொழிற்சாலையொன்றை அமைத்துக் கொடுத்தார். மூத்த மகள் றொசினின் பெயரால் வாசனைத் திரவிய நிலையமொன்றையும் தொடங்கினார். ஆடை ஆக்குவோர் வாசனைத் திரவியமும் விற்றல் இன்று எங்கும் காணப்படும் வழக்கம். அதற்கு வழிகோலியவர் இவரே.

அவ்வாண்டு யூன் மாதத்தில், ஆயிரத்திரண்டாம் இரவு எனப் பெயரிட்டு, முந்நூறு விருந்தினரைப் பாரசீகக் கோலத்தில் வரவழைத்துத் தம் தோட்டத்தில் விழாவெடுத்தார். வரவினும் செலவை மிகுவிக்கும் இயல்பு அன்றே அவர்பால் வெளிப்பட்டது.

1913 இல் அவர் அமெரிக்கா சென்றார். அந்நாட்டார் அவரை மன்னரைப் போல் வரவேற்றனர். ஆயின், கடைகளிலே தம் பெயர்த்துண்டு தைத்த ஆடைகள் பல தொங்கக் கண்டார்; அவற்றுள் ஒன்றேனும் அவர் செய்ததன்று. ஆடையும் போலி, பெயரும் போலி. நாடு திரும்பிய அவர், பாரிசின் தையல் நிலையத்தாரோடு கூடி, 1914 இல் தம் உரிமைகளைக் காக்கும் சங்கமொன்றை நிறுவி அதன் தலைவருமானார். தம் பெயரைப் பிறர் கவர்தலைத் தடுக்க முனைந்த அவர், அப்பெயரைத் தாமே இழக்கும் நாள் வரும் என எண்ணியிரார்.

அவ்வாண்டே பெரும்போர் மூண்டது. படையிற் சேர்ந்த புவாரே போர்வீரர் உடைகளைத் துணியும் உழைப்பும் சுருங்கத் தைக்கும் முறையை வகுத்தார். 1919 இல் மீண்டபோது அவர் நிலையம் கடனுள் மூழ்கிக் கிடந்தது. உலகமும் மாறிவிட்டது. போர்க்காலத்திலே தொழிற்சாலைகளிலும் மருத்துவமனைகளிலும் உழைத்துப் பழகிய மாதர் எளிய குறுகிய உடையை விரும்பினர். அவர் விருப்பத்தை அறிந்து தைத்த கப்ரியேல் ஷனெல் முதலியோர் முன்னேறினர். புவாரேயோ பொற்சரிகையையும் பெருங்கோலத்தையும் விட்டிலர். காலத்தின் மாற்றத்தை முன்னறிந்து உயர்ந்தவர், காலம் மீண்டும் மாறியபோது அறிய மறுத்தார்.

1925 இல் பாரிசில் நடைபெற்ற பெரும் பொருட்காட்சியின்போது, சேன் நதியிலே மூன்று படகுகளை அலங்கரித்து மிதக்கவிட்டார். காண வந்தோர் பலர். கொள்ள வந்தோர் சிலர். அச்செலவு அவரை மீளாக் கடனில் வீழ்த்தியது. அவ்வாண்டிலேயே அவர் சேர்த்துவைத்த ஓவியங்கள் ஏலத்திற் சென்றன. 1928 இல் தெனிஸ் அவரைப் பிரிந்தாள். 1929 இல் நிலையம் மூடப்பட்டது. எஞ்சிய ஆடைகள் கந்தைபோல நிறைக்கு விற்கப்பட்டன என்பர். சில ஆண்டுகளில் அவர் மற்றொரு சிறு கடையைத் தொடங்கினார். தம் பெயரோ கைவிட்டுப் போயிருந்தமையால், கடையின் தொலைபேசி எண்ணாகிய பஸ்ஸி 10-07 என்பதையே அதற்குப் பெயராக்கினார். அதுவும் நிலைக்கவில்லை. பின்னர்ச் சிற்றுண்டிச்சாலைகளில் இருப்போர்க்குப் படம் வரைந்து கொடுத்தும் வாழ்ந்த அவர், 1944 ஏப்ரிலில், பகைவர் கைப்பட்டிருந்த பாரிசு நகரிலே வறுமையுற்று இறந்தார்.

பிரிந்த தெனிஸ் தன் ஆடைகளைப் போற்றி வைத்திருந்தாள். 2005 இல் அவை பாரிசில் ஏலமிடப்பட்டபோது நூதனசாலைகள் போட்டியிட்டு வாங்கின. 2007 இல் நியூயோர்க் மெற்றோபொலிற்றன் நூதனசாலை அவர் ஆக்கங்களுக்கெனத் தனிக் கண்காட்சி நடத்திற்று. நிறைக்கு விற்ற கந்தை நிதியமாயிற்று. அவர் பெயரைப் பொன்னெழுத்திற் பொறித்த பலகைகளும் படகுகளும் அழிந்தன. மெலிந்த பெண்ணொருத்தியின் தோளிலே அவர் இட்ட ஆடை எஞ்சிற்று. பெயர்த்துண்டை விற்கலாம், திருடலாம், பறிக்கலாம். கை கற்ற கலையை அவ்வாறு செய்தல் அரிது. தொழில் செய்வார் யாவரும் அவர் வாழ்விலிருந்து கொள்ளத்தக்க பாடம் இதுவேயாம்.