பாட்டைப் பூட்டி வைக்காதவர்

கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரியைப் பற்றிப் பாடத்தில் படித்திருப்பீர்கள். கடையெழு வள்ளல்களில் ஒருவர். ஒரே அம்பில் யானை, புலி, மான், காட்டுப்பன்றி, உடும்பு என்று வரிசையாக வீழ்த்திய வில்லாளி. கொல்லிமலையில் செம்மேட்டில் அவருக்குச் சிலை இருக்கிறது. ஆண்டுதோறும் ஆடி மாதத்தில் அவர் பெயரில் விழாவும் நடக்கிறது.

அந்த ஓரியின் முன் நின்று வன்பரணர் என்ற புலவர் பாடியதைப் புறநானூறு சொல்கிறது. யாழ், முழவு, ஆகுளி, பதலை என்று எத்தனையோ இசைக்கருவிகளின் பெயர்கள் அந்தப் பாடலில் வருகின்றன. பாட்டைக் கேட்டு மகிழ்ந்த ஓரி, பொன்னும் மணியும் அள்ளிக் கொடுத்தார்.

குழந்தைகளே, ஒன்றை யோசித்துப் பாருங்கள். இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய அந்தச் சொற்கள் இன்றும் நம் கையில் இருக்கின்றன. ஓலையில் எழுதி வைத்தார்கள், பிழைத்தன. ஆனால் அன்று மலையில் ஒலித்த மெட்டு எங்கே? அதை யாரும் எழுதி வைக்கவில்லை. பாடியவர்களோடு அதுவும் போய்விட்டது.

ஒரு பாட்டின் சொல்லை எழுதலாம். மெட்டை எழுத முடியுமா? முடியும் என்று காட்டியவர் ஒருவர் நம் தமிழ்நாட்டில் இருந்தார். தம் குடும்பத்தில் மட்டுமே இருந்த அரிய பாடல்களை ஊருக்கெல்லாம் எடுத்துக் கொடுத்தவர். அவர்தான் எட்டயபுரம் சுப்பராம தீட்சிதர். அவர் கதையைத்தான் இந்த வாரம் தெரிந்துகொள்ளப் போகிறோம்.

இசைக் குடும்பத்துப் பிள்ளை

இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தில் இருக்கிறது எட்டயபுரம். மகாகவி பாரதியார் பிறந்த அதே ஊர். அந்தக் காலத்தில் அது ஒரு சமஸ்தானம். அங்கே ஆண்ட ராஜாக்கள் புலவர்களையும் பாடகர்களையும் ஆதரித்தார்கள்.

கர்நாடக இசையின் மும்மூர்த்திகள் தியாகராஜர், முத்துசுவாமி தீட்சிதர், சியாமா சாஸ்திரி. இவர்களில் முத்துசுவாமி தீட்சிதர் எட்டயபுரத்தில்தான் 1835-ஆம் ஆண்டு காலமானார். அவருடைய தம்பி பாலுசுவாமி தீட்சிதர் அங்கே அரண்மனை வித்துவானாக இருந்தார். வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த வயலினைக் கற்று, அதில் நம் இசையை முதன்முதலாக வாசித்தவர் என்று போற்றப்படுபவர் இவர்.

பாலுசுவாமியின் மகள் வயிற்றுப் பேரன்தான் சுப்பராமன். 1839-ஆம் ஆண்டு திருவாரூரில் பிறந்தான். தாத்தா அவனைத் தம் மகனாகவே சுவீகாரம் செய்துகொண்டார். எட்டயபுரத்துக்கு அழைத்து வந்து இசை சொல்லிக் கொடுத்தார். தெலுங்கும் வடமொழியும் படிக்க வைத்தார். பெரிய தாத்தா முத்துசுவாமி தீட்சிதரைச் சுப்பராமன் பார்த்ததே இல்லை. அவன் பிறப்பதற்கு நான்கு ஆண்டு முன்பே அவர் மறைந்துவிட்டார். ஆனாலும் அவருடைய பாடல்கள், தம்பியின் வாய்வழியாகச் சுப்பராமனிடம் வந்து சேர்ந்தன.

ராஜா வைத்த பரீட்சை

சுப்பராமனுக்கு 17 வயது. தர்பார் ராகத்தில் ஒரு வர்ணம் இயற்றினான். வர்ணம் என்பது இசை கற்பவர்கள் பயிற்சிக்காகப் பாடும் ஒருவகைப் பாடல். ராஜாவின் முன்னிலையில் பாடிக் காட்டினான்.

ராஜாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இத்தனை சிறிய பையன் இவ்வளவு நன்றாக இயற்ற முடியுமா? தாத்தாதான் எழுதிக் கொடுத்திருப்பாரோ? அதனால் ஒரு பரீட்சை வைத்தார். யமுனா என்ற ராகத்தில், தாம் சொல்லும் முறைப்படி ஒரு ஜதிசுரம் அமைத்து வரும்படி கட்டளையிட்டார்.

சுப்பராமன் கலங்கவில்லை. கேட்டபடியே செய்து காட்டினான். ராஜாவின் சந்தேகம் தீர்ந்தது. பரிசும் கிடைத்தது. 19 வயதில் அவனே அரண்மனை வித்துவான் ஆனான்.

எழுதி வைக்காத சொத்து

இனிமேல் அவரைத் தீட்சிதர் என்றே சொல்வோம். ஆண்டுகள் ஓடின. தீட்சிதர் வீட்டில் விலைமதிப்பில்லாத சொத்து ஒன்று இருந்தது. முத்துசுவாமி தீட்சிதரின் கீர்த்தனைகள், அவருடைய தந்தை ராமசுவாமி தீட்சிதரின் பாடல்கள், வேங்கடமகி என்ற பழைய இசை மேதையின் கீதங்கள் எனப் பல. வெளியில் பலருக்கும் தெரியாத பாடல்கள் அவற்றில் ஏராளம்.

அந்தக் காலத்தில் இசை வாய்வழியாகத்தான் வளர்ந்தது. குரு பாடுவார், சீடன் திரும்பப் பாடுவான். பாட்டு தெரிந்தவர்கள் அதை எல்லோருக்கும் சொல்லிவிட மாட்டார்கள். அதுதானே பிழைப்பு! தகுதியில்லாதவர் கையில் போனால் பாட்டைக் கெடுத்துவிடுவார் என்ற பயமும் உண்டு. சொல்லிக் கொடுக்க ஆள் இல்லாமல் ஒரு வித்துவான் இறந்துபோனால், அவருக்குத் தெரிந்த பாட்டும் இறந்துபோகும்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். ராமசுவாமி தீட்சிதர் 108 ராகங்களையும் தாளங்களையும் மாலைபோலக் கோத்து ஒரே பாடலாக இயற்றினார். இன்று நமக்குக் கிடைப்பது அதில் 61 ராகப் பகுதிகள் மட்டுமே. மற்ற 47 எப்படி ஒலித்தன என்று இனி யாரால் சொல்ல முடியும்?

சென்னையிலிருந்து வந்த வேண்டுகோள்

அப்போது சென்னையில் சின்னசுவாமி முதலியார் என்பவர் இருந்தார். எம்.ஏ. படித்தவர். அரசாங்கத் தலைமைச் செயலகத்தில் அதிகாரி. மேல்நாட்டு இசையும் நம் இசையும் அறிந்தவர்.

பியானோ வாசிப்பவர்கள் முன்னால் ஒரு தாள் இருப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? அதில் ஐந்து கோடுகள் இருக்கும். கோடுகளின் மேலும் இடையிலும் புள்ளி புள்ளியாகக் குறிகள் இருக்கும். புள்ளி மேலே போனால் சுரமும் மேலே போகும். கீழே வந்தால் சுரமும் கீழே வரும். அந்தத் தாள் கையில் இருந்தால் போதும். பாடலை இயற்றியவர் எந்த நாட்டில் இருந்தாலும், நூறு ஆண்டுக்கு முன்பே இறந்திருந்தாலும், அவர் நினைத்த இசையை நாம் வாசிக்கலாம்.

நம் பாடல்களையும் இப்படி அச்சடித்தால் உலகமே வாசிக்குமே என்று முதலியார் நினைத்தார். தியாகராஜரின் சீடர் வாலாஜாபேட்டை வேங்கடரமண பாகவதர். அவருடைய மகன் கிருஷ்ணசுவாமி பாகவதரிடம் பாடல்களைக் கேட்டுக் கேட்டு, ஐந்து கோட்டுக் குறியீட்டில் எழுதினார். 1890-களில் அவற்றைப் பகுதி பகுதியாக அச்சிட்டு வெளியிட்டார். அடுத்து முத்துசுவாமி தீட்சிதரின் பாடல்கள் வேண்டும். அவை எட்டயபுரத்தில் இருந்தன. முதலியார் சுப்பராம தீட்சிதரை வேண்டிக் கேட்டார்.

தீட்சிதர் முதலில் தயங்கினார். வாழ்நாளெல்லாம் காத்த பாடல்களை ஊருக்கெல்லாம் திறந்துவிடுவது எளிதான முடிவா? முதலியார் விடவில்லை. இதற்கிடையே அவருடைய கண்பார்வை மங்கத் தொடங்கியது. தம்மால் இந்தப் பெரிய வேலையை முடிக்க முடியாது என்று அவருக்குப் புரிந்தது. 1899-ஆம் ஆண்டு எட்டயபுரம் ராஜாவின் பட்டாபிஷேகத்துக்குப் போனபோது ராஜாவிடமே முறையிட்டார். தீட்சிதரிடம் உள்ளதெல்லாம் அச்சில் வந்தாக வேண்டும், இல்லாவிட்டால் நாட்டுக்கே நஷ்டம் என்று எடுத்துச் சொன்னார். ராஜா ஒப்புக்கொண்டு செலவை ஏற்றார். தீட்சிதரும் மனம் இசைந்தார்.

அசைவுக்கு ஒரு குறி

வேலையில் ஒரு சிக்கல் இருந்தது. நம் இசையில் சுரம் ஆடாமல் நிற்காது. அசையும், வழுக்கும், அதிரும். இதற்குக் கமகம் என்று பெயர். கமகம் இல்லாமல் பாடினால் உப்பில்லாத சாம்பார்தான். ச, ரி, க, ம என்று எழுத்தை மட்டும் எழுதினால் இந்த அசைவு தெரியாது.

ஆகவே ஒவ்வோர் அசைவுக்கும் ஒரு குறி வைத்தார்கள். சுரம் அசைய வேண்டுமானால் அதன் மேல் ஒரு நெளிகோடு. கீழிருந்து மேலே வழுக்கிப் போக வேண்டுமானால் ஒரு சாய்கோடு. அதற்குப் பெயர் ஏற்ற ஜாரு. மேலிருந்து கீழே வந்தால் எதிர்ப்பக்கம் சாய்ந்த கோடு. அது இறக்க ஜாரு. இந்தக் குறிகளையெல்லாம் அச்சில் கொண்டுவருவது அந்தக் காலத்தில் லேசான காரியமா? எட்டயபுரத்திலேயே வித்யா விலாசினி என்ற அச்சகத்தில் வேலை நடந்தது.

1904-ஆம் ஆண்டு நூல் வெளிவந்தது. பெயர் சங்கீத சம்பிரதாய பிரதர்சினி. நம் இசை மரபை எடுத்துக் காட்டுவது என்று பொருள். ஏறத்தாழ 1,700 பக்கங்கள். 72 மேளகர்த்தா ராகங்களின் வரிசையில் பாடல்கள். முத்துசுவாமி தீட்சிதரின் கீர்த்தனைகள் மட்டும் 229. அதிகம் பேர் அறியாத பாடலாசிரியர்களின் பாடல்களும் உண்டு. எழுபதுக்கும் மேற்பட்ட இசைவாணர்களின் வாழ்க்கைக் குறிப்புகளும் உண்டு. தீட்சிதருக்கு அப்போது வயது 65.

அதோடு அவர் ஓய்ந்துவிடவில்லை. மறு ஆண்டே, புதிதாக இசை கற்பவர்களுக்காக ஒரு முதற்பாடப் புத்தகமும் எழுதினார். பெரிய வித்துவான், சின்னப் பிள்ளைகளையும் மறக்கவில்லை! 1906-ஆம் ஆண்டு காலமானார். பாரதியார் அவருக்காக இரங்கற்பா பாடினார்.

இதேபோல ரஷ்யாவிலும் ஒருவர் இருந்தார். பெயர் மித்ரோபான் பெல்யாயெவ். மர வியாபாரி. ரஷ்ய இசையமைப்பாளர்களின் படைப்புகள் அச்சாகாமல் கிடக்கக் கூடாது என்று, 1885-ஆம் ஆண்டு ஜெர்மனியின் லைப்சிக் நகரில் ஒரு பதிப்பகம் தொடங்கினார். தம் பணத்தைப் போட்டு இசைத்தாள்களை அச்சிட்டார். ஸ்க்ரியாபின் என்ற இளைஞரின் பியானோ இசையும் அப்படித்தான் வெளியே வந்தது. எட்டயபுரம் ராஜாவும் ரஷ்ய மர வியாபாரியும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள் அல்லர். இருவரும் செய்தது ஒரே வேலை.

பெருகிய சொத்து

தீட்சிதரின் நூல் தெலுங்கு எழுத்தில் இருந்தது. சென்னை மியூசிக் அகாடமி 1961 முதல் அதைத் தமிழ் எழுத்தில் பகுதி பகுதியாக வெளியிட்டது. இன்று இணையத்திலும் படிக்கலாம். மார்கழி மாதக் கச்சேரியில் யாராவது முத்துசுவாமி தீட்சிதரின் அபூர்வமான பாடல் ஒன்றைப் பாடினால், அதன் மெட்டுக்கு இந்த நூலைத்தான் முதலில் புரட்டிப் பார்க்கிறார்கள்.

பொன்னைப் பங்கு போட்டால் குறையும். பாட்டைப் பங்கு போட்டால் பெருகும். ஒரு வீட்டுக்குள் இருந்த பாடல்கள் இன்று உலகத்தின் பாடல்களாக இருப்பது அதனால்தான்.

குழந்தைகளே, உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு சொத்து இருக்கலாம். பாட்டி பாடும் தாலாட்டு, வயலில் நடவு நடும்போது பாடும் பாட்டு, மலையில் திருவிழாவுக்குப் பாடும் பாட்டு. இந்த ஞாயிற்றுக்கிழமை பாட்டியின் பக்கத்தில் உட்காருங்கள். அனுமதி கேட்டு, சொற்களை நோட்டில் எழுதுங்கள். மெட்டை அப்பாவின் செல்போனில் பதிவு செய்யுங்கள். எழுதிய பிறகு நீங்களும் பாடிப் பழகுங்கள். பக்கத்து வீட்டு நண்பனுக்கும் சொல்லிக் கொடுங்கள்.