டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார்

நம் செங்கற்பட்டில் 1929 பிப்ரவரியில் கூடிய சுயமரியாதை மாகாண மாநாடு, பெண்களுக்குச் சொத்தில் சம உரிமை கோரித் தீர்மானம் நிறைவேற்றியது. அந்நாளில் சென்னைச் சட்டசபையில் பெண்களுக்காக வாதாடி வந்தவர் முத்துலட்சுமி அம்மையார். அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை நிறுவியவர் என்று மட்டுமே அவரை நாங்கள் அறிந்திருந்தோம்.

அவர் 1886-இல் புதுக்கோட்டையில் பிறந்தார். தாயார் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். ஆண்கள் படித்த கல்லூரியில் பெண்ணைச் சேர்ப்பதற்குப் பலத்த எதிர்ப்பு எழுந்தது, மன்னர் அனுமதித்தார். மாமல்லபுரக் கடற்கரையிலிருந்து பஸ் ஏறி வரும் தோழியரோடு கூட்டமாக அமர்ந்து படிக்கும் எங்களுக்கு, அவருடைய தனிமையை எண்ணிப் பார்ப்பதே கடினம்.

1912-இல் டாக்டரானார். 1926-இல் பாரிஸ் நகரில் நடந்த உலக மாதர் மாநாட்டிற்குச் சென்று வந்தார். பின்னர் சட்டசபையின் துணைத்தலைவரானார். சிறுமியரைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்கத் தீர்மானம் கொண்டுவந்தார். சமயத்தின் பெயரால் பெரியவர்கள் சிலர் எதிர்த்தனர். அந்தத் துன்பத்தைத் தம் வீட்டிலேயே அறிந்தவருக்கு அந்த வாதங்கள் எப்படிப் பொருந்தும்?

காந்தியடிகள் கைதானதைக் கண்டித்து 1930-இல் பதவியைத் துறந்தார். அவ்வாண்டே, அவ்வழக்கத்திலிருந்து தப்பி வந்த பெண்கள் சிலர் அவர் வீட்டுக் கதவைத் தட்டினர். அவர்களைச் சேர்த்துக்கொள்ள விடுதிகள் மறுத்தன. தம் வீட்டிலேயே இடம் கொடுத்தார். அதுவே அவ்வை இல்லமாக வளர்ந்தது.

பொட்டுக் கட்டுவதைத் தடுக்கும் சட்டம் 1947-இல் நிறைவேறியது. அம்மையாருக்கு அப்போது வயது 61.