பந்துக்குத் தீட்டு இல்லை!

கிரிக்கெட் என்றதும் ரஞ்சியின் பெயரைச் சொல்வார்கள். நவாநகர் அரியணையிலே அமர்ந்தவர்; இங்கிலாந்து அணிக்காகவே ஆடிப் புகழ் பெற்றவர்; 1934இல் தொடங்கிய நாடு தழுவிய பந்தயத்துக்கு அவருடைய பெயரே சூட்டப்பட்டது. அடுத்து, சி. கே. நாயுடுவின் பெயரைச் சொல்வார்கள். 1932இல் லண்டன் மாநகரிலே இந்தியா ஆடிய முதல் டெஸ்ட் ஆட்டத்துக்குத் தலைமை தாங்கியவர் அவர். இருவருமே பெரிய ஆட்டக்காரர்கள். அதை நாம் மறுக்கவில்லை. ஆனால், இந்த இருவருக்கும் இடையே ஒருவர் வாழ்ந்தார். ஒரே கோடைக்காலத்திலே, இங்கிலாந்து மண்ணிலேயே, 114 விக்கெட்டுகளை வீழ்த்திக் காட்டியவர். அரியணை அவருக்கு இல்லை. அரண்மனை இல்லை. வெள்ளைக்காரர்களின் கிளப்பிலே தரையைச் சமன்செய்து, வலை கட்டி, கோடு போட்டுக் கூலி வாங்கியவர் அவர். பல்வங்கர் பாலு என்பது அவர் பெயர்.

பெயரைக் கேட்டுப் பழக்கமில்லை என்கிறீர்களா? வியப்பில்லை. நெடுங்காலம் அந்தப் பெயர் யார் காதிலும் விழாதபடிதான் வைத்திருந்தார்கள்.

கொங்கணக் கரையிலே, ரத்தினகிரி மாவட்டத்திலே பல்வன் என்று ஓர் ஊர். அந்த ஊர்க்காரர்கள் என்பதால் பல்வங்கர். சாதியோ, தோல் தொழில் செய்யும் சமார் சாதி. ஊர் அவர்களுக்கு இட்ட பெயர் தீண்டாதார். 1876ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 19ஆம் நாள், தார்வாரிலே பாலு பிறந்தார். தந்தையாருக்குப் பட்டாளத்திலே வேலை. பட்டாளம் என்றால் பூனா. பூனா என்றால் வெள்ளை அதிகாரிகள். அதிகாரிகள் இருக்கும் இடத்திலே கிரிக்கெட். அவர்கள் ஆடித் தேய்ந்து ஒதுக்கிப் போட்ட மட்டையையும் பந்தையும் வைத்துக்கொண்டுதான் பாலுவும் தம்பி சிவராமும் ஆடிப் பழகினார்கள்.

முதல் வேலை பார்சிகளின் கிளப்பிலே. மைதானத்தைப் பெருக்க வேண்டும், உருளையை இழுக்க வேண்டும். மாதம் 3 ரூபாய். பிறகு 1892 வாக்கிலே வெள்ளையரின் பூனா கிளப்புக்கு மாறினார். மாதம் 4 ரூபாய். இந்த ஒரு ரூபாய் உயர்வுதான் இந்தியக் கிரிக்கெட்டின் போக்கையே திருப்பியது என்றால் மிகையல்ல. அங்கேதான் துரைமார்களுக்குப் பயிற்சிக்காகப் பந்து வீசும் வேலை அவர் கைக்கு வந்தது.

கிரெய்க் என்றொரு கேப்டன். குள்ளமான ஆள், ஆனால் அன்றைய இந்தியாவிலே இருந்த வெள்ளை மட்டைக்காரர்களிலே முதல்வரிசைக்காரர். அவர் மற்றவர்கள் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே மைதானத்துக்கு வந்துவிடுவாராம். எதற்கு? கூலிக்காரப் பையன் பாலுவின் பந்துகளை ஆடிப் பார்ப்பதற்கு! தம்மை ஒவ்வொரு முறை வீழ்த்தும்போதும் பாலுவுக்கு எட்டணா தருவார் என்றும் சொல்வார்கள். இடக்கையால் மெதுவாக வீசும் சுழற்பந்து. ஒன்று இப்படித் திரும்பும், ஒன்று அப்படித் திரும்பும், மூன்றாவது திரும்பாமல் நேரே வந்து குச்சியைத் தட்டும். கிரெய்க் தம் ஆட்டத்தைத் தீட்டிக்கொண்டார். பாலுவோ தம் விரல்களைத் தீட்டிக்கொண்டார். நூற்றுக்கணக்கான மணி நேரம் அந்தக் கிளப்பிலே பந்து வீசியவரிடம், ஒரு நாளாவது மட்டையைக் கொடுத்து ஆடிப் பார் என்று எவரும் சொன்னதில்லை. மட்டை பிடிப்பது துரைகளின் உரிமை; வேர்வை சிந்தி வீசுவது வேலைக்காரனின் கடமை. வெள்ளைக்காரனிடமும் ஒரு வருணாசிரமம் இருந்தது, பாருங்கள்!

ஆனால், நம் நாட்டு வருணாசிரமத்தின் முன்னே அது வெறும் குழந்தை. பூனாவிலே இந்துக்களின் கிளப் ஒன்று இருந்தது. வெள்ளையர் அணியை வெல்ல வேண்டும் என்று துடித்தது. வெல்லத்தக்க ஒருவன் அதே ஊரிலே, கூப்பிட்டால் வரும் தொலைவிலே இருக்கிறான். கூப்பிடலாமா, கூடாதா? கூட்டம் போட்டார்கள், விவாதித்தார்கள். தெலுங்கு உறுப்பினர்கள் சேர்க்கலாம் என்றார்கள். உள்ளூர்ப் பார்ப்பன உறுப்பினர்கள் கூடாது என்றார்கள். பாலுவை ஒதுக்குவது அறிவீனம் என்று அந்த வெள்ளைக்காரக் கிரெய்க்கே வெளிப்படையாகச் சொல்ல வேண்டி வந்தது. எதிரணியிலே நிற்பவன் சொல்லித்தான் சொந்த நாட்டானுக்குப் புத்தி வரவேண்டியிருந்தது!

கடைசியிலே சேர்த்துக்கொண்டார்கள். எப்படிச் சேர்த்துக்கொண்டார்கள்? அதைத்தான் நாம் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

மைதானத்திலே பாலு தொட்ட பந்தை எல்லோரும் தொடுவார்கள். பிடிப்பார்கள், எறிவார்கள், வேட்டியிலே துடைத்து மெருகேற்றிப் பாலுவின் கையிலேயே திருப்பியும் கொடுப்பார்கள். அப்போது தீட்டு இல்லை. விக்கெட் விழுந்தால் ஆரவாரம். அப்போதும் தீட்டு இல்லை. தேநீர் இடைவேளை வரும். உடனே தீட்டு ஓடி வந்துவிடும்! மற்றவர்கள் கட்டடத்துக்குள்ளே அமர்ந்து பீங்கான் கோப்பையிலே தேநீர் அருந்துவார்கள். பாலுவுக்கோ வெளியே, மண்குவளையிலே. குடித்ததும் எறிந்துவிட வேண்டிய குவளை. முகம் கழுவ வேண்டுமா? தீண்டாதார் வகுப்பைச் சேர்ந்த வேலையாள் ஒருவர் ஒரு மூலையிலே நின்று தண்ணீர் ஊற்றுவார். பகல் உணவுக்குத் தனித் தட்டு, தனி மேசை. பந்துக்குத் தீட்டு இல்லை. பந்து வீசியவனுக்கு உண்டு. எந்தச் சாத்திரத்தின் எந்தப் பக்கத்திலே இந்த விதி இருக்கிறது என்று எந்தப் பண்டிதராலும் சொல்ல முடியாது. ஆதாயம் வரும் இடத்திலே தீட்டு ஓய்வெடுத்துக்கொள்ளும். சோறு போடும் இடத்திலே விழித்துக்கொள்ளும். அவ்வளவுதான்.

சதாராவிலே வெள்ளையர் ஜிம்கானா அணியோடு ஓர் ஆட்டம். பாலு வருகிறார் என்று தெரிந்து, பந்து திரும்பாதபடி ஆடுகளத்தை ஒரு வாரம் உருட்டிக் கெட்டிப்படுத்தி வைத்திருந்தார்களாம். அந்தக் கட்டாந்தரையிலேயே 7 விக்கெட்டுகளைச் சாய்த்து வெற்றியோடு திரும்பினார் பாலு. பூனாவிலே பாராட்டு விழா. நீதிபதி மகாதேவ கோவிந்த ரானடே அவருக்கு மாலை அணிவித்தார். அதோடு விடவில்லை, உடன் ஆடும் ஒருவரோடு உடன் உண்ணவும் பருகவும் ஏன் தயங்க வேண்டும் என்று கிளப்பினரை இடித்துரைத்தார். திலகரும் பாலுவைப் பொதுமேடையிலே பாராட்டினார். மேடையிலே மாலை, முற்றத்திலே மண்குவளை! இந்த இரண்டையும் ஒரே மனிதர் ஏற்றுக்கொண்டு, வாய் திறவாமல் பந்து வீசினார் என்பதை எண்ணும்போது, அந்தப் பொறுமையைப் போற்றுவதா, அதற்காக வருந்துவதா என்று நமக்கே விளங்கவில்லை.

பிளேக் நோய் பூனாவை வாட்டிய காலம் அது. பாலு பம்பாய் சேர்ந்தார். அங்கும் இந்து ஜிம்கானாவிலே சில உறுப்பினர்கள் முணுமுணுத்தார்கள். அணித் தலைவர் கீர்த்திகர் அதைச் சமாளித்துப் பாலுவைச் சேர்த்தார். பம்பாய் - பரோடா ரயில்வேயிலே வேலை கிடைத்தது. ரயில்வே அணிக்கும் ஆடினார். சிவராமும் உடன் வந்து சேர்ந்தார்.

1906ஆம் ஆண்டு பிப்ரவரி. பம்பாய் ஜிம்கானா மைதானம். இந்துக்களுக்கும் ஐரோப்பியருக்கும் ஆட்டம். மதத்துக்கு ஓர் அணி என்று பிரித்து ஆடிய காலம் அது. விளையாட்டையும் மதவாரியாகக் கூறு போட்ட அந்த ஏற்பாடு நமக்குப் பிடித்தமானதல்ல என்றாலும், அன்றைய நிலைமை அதுதான். இந்துக்கள் 242 ஓட்டங்கள், ஐரோப்பியர் 191. மறுபடியும் இந்துக்கள் 160. ஐரோப்பியர் 102க்குச் சுருண்டார்கள்! 109 ஓட்டங்களில் வெற்றி. சுருட்டிய கைகளிலே பாலுவின் கை முதன்மையானது. ஆண்டவர்களை அடிமைகள் வென்றார்கள் என்று ஊரே பூரித்தது. சென்னையிலே 1890இல் தொடங்கிப் பின்னர் பம்பாய்க்குப் பெயர்ந்த சமூகச் சீர்திருத்த ஏடு, தமிழரான நடராசன் நடத்திய ஏடு, இந்த வெற்றியைப் பற்றி எழுதியபோது ஒன்றைக் குறிப்பிட்டுச் சொன்னது: சமார் சகோதரர்களை அணியிலே சேர்த்ததுதான் இதிலே நாடு கற்க வேண்டிய பாடம் என்று. பம்பாயிலே அதற்குள் மண்குவளை மறைந்திருந்தது. சகோதரர்கள் மற்றவர்களோடு ஒன்றாக உண்டார்கள்.

1911இல் இந்திய அணி இங்கிலாந்துக்குக் கப்பலேறியது. தலைவர் யார்? பாட்டியாலா மகாராசா பூபிந்தர் சிங். இருபது வயது நிரம்பாத இளைஞர். அவர் பெரும்பாலும் விருந்துகளுக்கும் வரவேற்புகளுக்கும் போய்விட்டார். போனதோடு, அணியின் சிறந்த மட்டைக்காரரான மிஸ்திரியையும் தம் உதவியாளர் என்ற முறையிலே கூட்டிக்கொண்டு போய்விட்டார். மீந்தவர்கள் ஆடினார்கள். 23 ஆட்டங்களில் 15 தோல்வி, 6 வெற்றி. அந்தத் தோல்விகளின் நடுவேதான் பாலு நின்றார். கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகத்துக்கு எதிராக ஒரே இன்னிங்சில் 8 விக்கெட். லெஸ்டர்சயர் அணியை வென்ற ஆட்டத்திலே 11 விக்கெட். சாமர்செட் அணியை ஒரே விக்கெட்டில் வென்றபோது, சிவராம் நூறு ஓட்டம் கடந்து அசையாமல் நின்றார். தோளிலே வலி; வயதோ 35. ஆயினும் முதல்தர ஆட்டங்களில் மட்டும் 75, எல்லா ஆட்டங்களையும் சேர்த்தால் 114 விக்கெட். தாங்கிப் பிடிக்க இன்னும் இரண்டு மூன்று பேர் இருந்திருந்தால் என்று ஏங்கத் தோன்றுகிறது.

திரும்பி வந்தவருக்குப் பம்பாயிலே தாழ்த்தப்பட்ட மக்கள் பாராட்டுக் கூட்டம் நடத்தினார்கள். அதிலே வரவேற்புரை எழுதிப் படித்தவர் ஒரு கல்லூரி மாணவர். பெயர் பீமராவ் அம்பேத்கர். பாலுவைத் தம் மக்களின் வீரராக நெஞ்சிலே வைத்துப் போற்றியவர் அந்த மாணவர்.

இவ்வளவுக்குப் பிறகும் பாலுவுக்கு ஒன்று மட்டும் கிடைக்கவில்லை: அணித் தலைமை. ஆண்டுதோறும் எதிர்பார்ப்பு, ஆண்டுதோறும் ஏமாற்றம். அவரைவிட இளையவர்கள், ஆட்டத்திலும் குறைந்தவர்கள் தலைமை ஏற்றார்கள். 1913இல் தலைவராக்கப்பட்ட எம். டி. பை, தமக்கு நடந்த பாராட்டிலேயே, இந்தப் பதவி மூத்தவரான பாலுவுக்குத்தான் வந்திருக்க வேண்டும் என்று மனம் திறந்து சொன்னார். பையின் நேர்மை பெரிது. அதே ஆண்டு சிவராம், கண்பத், விட்டல் என்று தம்பியர் மூவரும் அண்ணனோடு சேர்ந்து நால்வராக இந்து அணியிலே ஆடினார்கள். அணியின் முதுகெலும்பே ஒரு சமார் வீடு. தலை மட்டும் வேறு வீட்டிலிருந்துதான் வரவேண்டும்!

1920இல் பொறுமை உடைந்தது. பை உடல்நலமின்றி இருந்ததால், முதல் ஆட்டத்துக்குத் தலைமை தேவதருக்கு அளிக்கப்பட்டது. பாலுவுக்கோ அணியிலேயே இடமில்லை. சிவராமும் விட்டலும் ஆட மறுத்து வெளியேறினார்கள். சாதியின் பெயரால் இழைக்கப்பட்ட இழிவு இது என்று அறிக்கையும் விட்டார்கள். ஊர் கொதித்தது. இறுதி ஆட்டத்துக்கு மூவரையும் அழைத்துக்கொண்டார்கள். பாலு துணைத் தலைவர் ஆனார். பை களத்தைவிட்டு வெளியே சென்ற நேரத்திலே, பாலு அணியை நடத்தினார். அந்தச் சிறிது நேரம்தான் அவருக்குக் கிடைத்த தலைமை. மூன்றாண்டு கழித்து, 1923இல், தம்பி விட்டல் முழுத் தலைவரானார், ஐரோப்பியரை வென்றார், இரசிகர்கள் அவரைத் தோளிலே தூக்கிச் சென்றார்கள். தீட்டு என்று சொல்லி ஒதுங்கிய தோள்களும் அந்தக் கூட்டத்திலே இருந்திருக்கும் அல்லவா!

பாலுவின் அரசியலைப் பேசாமல் விட்டுவிட நாம் விரும்பவில்லை. 1932இல் தாழ்த்தப்பட்டோருக்குத் தனித்தொகுதி என்று அறிவிப்பு வந்தது. எரவாடா சிறையிலே காந்தியார் உண்ணாநோன்பு இருந்தார். அம்பேத்கர் தனித்தொகுதி வேண்டும் என்றார். நம் சென்னை எம். சி. ராஜா கூட்டுத்தொகுதி போதும் என்றார். பாலுவும் ராஜாவின் பக்கமே நின்றார். செப்டம்பர் 24இல் எழுந்த பூனா உடன்படிக்கையிலே தனித்தொகுதி போய், 71 இடங்கள் 148 ஆயின. அம்பேத்கரோடு ராஜாவும் பாலுவும் அதிலே கையெழுத்திட்டார்கள். மறு ஆண்டு பாலு இந்து மகாசபையின் சார்பிலே பம்பாய் நகராட்சித் தேர்தலில் நின்று தோற்றார். 1935இல், இந்துவாகச் சாகமாட்டேன் என்று அம்பேத்கர் முழங்கியபோது, மதமாற்றம் தற்கொலைக்கு ஒப்பு என்று மறுத்தார். 1937இல் காங்கிரசு ஒரு வேலை செய்தது. பம்பாய்ச் சட்டசபைத் தேர்தலிலே அம்பேத்கரை எதிர்க்க, அம்பேத்கர் போற்றி வரவேற்ற அதே பாலுவை நிறுத்தியது! அம்பேத்கருக்கு 13,245 வாக்கு, பாலுவுக்கு 11,225.

பாலு நின்ற பக்கம் சரியான பக்கம் என்று நாம் கருதவில்லை. ஆனால் அவரை ஏசவும் நமக்கு நா எழவில்லை. மண்குவளையிலிருந்து பொதுமேசை வரை வந்துசேர்ந்த தம் வாழ்வையே அவர் சான்றாகக் கொண்டார். தமக்குத் திறந்த கதவு எல்லோருக்கும் திறக்கும் என்று நம்பினார். திறந்த கதவுக்கு விலையாக 114 விக்கெட் கேட்டார்களே, பந்து வீசத் தெரியாத சமார் பையனுக்கு யார் கதவைத் திறப்பார்கள்? வாக்காளர்களிலே பெரும்பகுதியினர் இந்தக் கேள்வியின் பக்கமே நின்றார்கள், வேறுபாடு இரண்டாயிரமே.

இந்தியா முதல் டெஸ்ட் ஆடியபோது பாலுவுக்கு வயது 56. எனவே டெஸ்ட் ஆட்டக்காரர் பட்டியலிலே அவர் பெயர் இல்லை. முதல்தர ஆட்டங்கள் 33, விக்கெட்டுகள் 179, விக்கெட்டுக்கு 15 ஓட்டம் சொச்சம் என்பதே ஏட்டில் நிற்கும் கணக்கு. தீண்டாமையைக் குற்றமாக்கி, பொது உணவுவிடுதியிலே குவளை மறுப்பதையும் தண்டனைக்குரியதாக்கிய சட்டம் 1955 ஜூன் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அடுத்த மாதம் 4ஆம் நாள் பாலு பம்பாயிலே காலமானார்.