தோக்கியோவில் படித்த ரஷ்யர்

ஜப்பானிய மொழியையும் பண்பாட்டையும் முதன்மைப் பாடமாக எடுத்துப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது, இதைப் படித்து என்ன செய்யப் போகிறேன் என்று வீட்டில் எல்லாரும் கேட்டார்கள். பாட்டி மட்டும் எதுவும் கேட்கவில்லை. அவருடைய அண்ணன் சயாம் மரண ரயில்பாதை வேலைக்குப் போய்த் திரும்பாதவர். ஜப்பான் என்ற பேச்சை எடுத்தாலே பாட்டி எழுந்து சமையலறைக்குப் போய்விடுவார்.

முதல் பருவத் தேர்வில் கான்ஜி எழுத்துகள் என்னைக் கவிழ்த்துவிட்டன. (இன்றைக்குக் கஞ்சி குடித்தாயிற்றா என்று தமிழ்ப் பேரவை நண்பர்கள் கேலி செய்தது வேறு.) வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் வருவது நமக்குப் பழகிய ஒன்றுதான், எழுத்துதான் வதைத்தது. துறை மாறுவதற்கான பாரத்தை வாங்கி வைத்திருந்த அந்த வாரத்தில்தான் நூலகத்தில் செர்கேய் எலிசேயெவின் வரலாற்றைப் படித்தேன். ஜப்பானியல் துறையில் அவர் பெரிய பெயர். எனக்கோ அவர் முதலில் ஒரு மாணவராகத்தான் அறிமுகமானார்.

1889-இல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் பிறந்தவர். பெரும் வணிகக் குடும்பம். நெவ்ஸ்கி பெருஞ்சாலையில் அவர்கள் கட்டிய கடை, மாளிகைபோல் இன்றும் நிற்கிறது. அந்தக் கல்லாவில் உட்கார்ந்திருந்தாலே போதும். அவரோ பெர்லினுக்குப் போய் ஜப்பானிய மொழி கற்கத் தொடங்கினார். அங்கே பழக்கமான மொழியியலாளர் ஷின்முரா இசுரு கொடுத்த அறிமுகக் கடிதத்தோடு 1908-இல் தோக்கியோ வந்து சேர்ந்தார்.

தோக்கியோ பேரரசுப் பல்கலைக்கழகத்துக்கு அதற்கு முன்பும் மேலைநாட்டார் வந்ததுண்டு, பாடம் நடத்துவதற்கு. லஃப்காடியோ ஹெர்ன் 1903 வரை அங்கே ஆங்கில இலக்கியம் கற்பித்தார். இவர் வந்தது பாடம் கேட்க. அதுவும் ஜப்பானிய இலக்கியத்தை, ஜப்பானிய மாணவர்களோடு ஒரே வகுப்பில் அமர்ந்து. வசதி இருந்ததால் தனியாசிரியர்களை அமர்த்திக்கொண்டார். நமக்கு அது வாய்க்காது. ஆனால் எத்தனை ஆசிரியரை அமர்த்தினாலும் கான்ஜியை நாம்தானே எழுதி எழுதிப் பழக வேண்டும்!

அவர் வந்து சேர்ந்த அதே ஆண்டில், அதே பல்கலைக்கழகத்துக்குக் கிராமத்திலிருந்து புதிதாக வரும் மாணவனைப் பற்றி நட்சுமே சோசெக்கி எழுதிய ‘சன்ஷிரோ’ நாவல் அசாஹி நாளிதழில் தொடராக வந்தது. அடுத்த ஆண்டே சோசெக்கியின் வியாழக்கிழமைக் கூட்டங்களுக்கு எலிசேயெவ் போகத் தொடங்கினார். தம்மிடமிருந்த ‘சன்ஷிரோ’ பிரதியில் அவர் கையாலேயே ஒரு ஹைக்கூவும் எழுதி வாங்கினார். பாஷோவைப் பற்றி ஆய்வேடு எழுதி 1912-இல் பட்டம் பெற்றார். அந்தப் பல்கலைக்கழகத்தில் ஜப்பானிய இலக்கியம் படித்துப் பட்டம் வாங்கிய முதல் மேலைநாட்டவர் அவர்தான். அந்த ஜூலையில் நடந்த பட்டமளிப்புக்கு மெய்ஜி பேரரசர் வந்திருந்தார். மாதம் முடிவதற்குள் பேரரசர் காலமாகிவிட்டார்.

1914-இல் நாடு திரும்பியவர் பெத்ரோகிராட் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தினார். 1917-இல் புரட்சி வந்தது. கடையும் சொத்தும் போயின. செல்வர் வீட்டுப் பிள்ளை என்ற ஒன்றே குற்றமாகிவிட்ட காலம். 1919-இல் அவரைப் பிணைக்கைதியாகப் பிடித்துச் சிறையில் வைத்தார்கள். மறு ஆண்டு மனைவியையும் இரண்டு சிறு பையன்களையும் அழைத்துக்கொண்டு இரகசியமாகப் படகேறி ஃபின்லாந்துக்குத் தப்பினார்.

அந்த அனுபவத்தை அவர் எழுதிய நூலின் தலைப்பைத் தமிழில் ‘செவ்ரஷ்யாவில் ஒரு பிணைக்கைதியின் நாட்குறிப்பு’ என்று சொல்லலாம். 1921-இல் வெளிவந்தது. எழுதியது ஜப்பானிய மொழியில். இதைப் படித்தபோது புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். பசியையும் பயத்தையும் சொல்ல, தாய்மொழி இருக்க, இருபது வயதில் வகுப்பறையில் கற்ற மொழி ஒருவருக்குக் கைகொடுத்திருக்கிறது. நான் அதுவரை மனப்பாடம் செய்ததெல்லாம் தேர்வுக்காக.

பிறகு சோறு போட்டதும் அந்தப் படிப்புதான். பாரிசில் ஜப்பானியத் தூதரகத்தில் மொழிபெயர்ப்பாளர் வேலை, அடுத்து ஆசிரியப்பணி. 1934 முதல் 1956 வரை அமெரிக்காவில் ஹார்வர்ட்-யென்சிங் கழகத்தின் இயக்குநர். பின்னாளில் ஜப்பானுக்கு அமெரிக்கத் தூதராகப் போன எட்வின் ரைஷாவர் அவருடைய மாணவர். இருவரும் சேர்ந்து பல்கலைக்கழக மாணவர்களுக்காக எழுதிய தொடக்கநிலை ஜப்பானியப் பாடநூல் 1941-இல் வெளிவந்தது. அந்த ஆண்டு டிசம்பரில்தான் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது. பாட்டியின் அண்ணன் அப்போது தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தார்.

எலிசேயெவ் 1975-இல் பாரிசில் மறைந்தார். படகில் தூக்கி வந்த பையன்களில் இளையவர் வதீம், ஆசியக் கலைக்குப் பேர்போன கிமே அருங்காட்சியகத்தின் இயக்குநரானார்.

துறை மாறும் பாரத்தை நான் கொடுக்கவே இல்லை. மறுதேர்வில் தேறிவிட்டேன், அதுவும் மயிரிழையில்தான். வீட்டுக்கு வந்து சொன்னபோது பாட்டி வழக்கம்போல் எழுந்து சமையலறைக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் ஒரு குவளை மைலோ கலக்கி எடுத்துவந்து, என் கான்ஜி நோட்டுப் புத்தகத்தின் பக்கத்தில் வைத்தார்.