எழுத்துக்கும் சொல்லுக்கும் ஒழுங்கு தந்த வீரமாமுனிவர்

நம் வேப்பனப்பள்ளிப் பக்கத்தில் அரிசி என்பார் ஒருவர், பிய்யம் என்பார் ஒருவர், அக்கி என்பார் மற்றொருவர். மும்மொழியும் வழங்கும் எல்லைப்புறத்தில் வாழும் நமக்குப் பெயரின் அருமை நன்கு தெரியும். பெயர் மயங்கினால் பொருளும் மயங்கும். அம்மயக்கத்தைத் தமிழிலிருந்து நீக்கப் பாடுபட்ட பெருந்தகை ஒருவரின் வரலாற்றைக் காண்போம்.

இத்தாலி நாட்டிலே காஸ்திலியோனே என்னும் ஊரில் 1680-ஆம் ஆண்டு நவம்பர் 8-ஆம் நாள் பிறந்தவர் கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி. இளைஞரின் பாதுகாவலரான புனித ஞானப்பிரகாசியார் பிறந்ததும் அவ்வூரே. 1698-இல் இயேசு சபையில் சேர்ந்தார். 1710-இல் கோவாவில் வந்திறங்கி, பின்னர் மதுரை மறைத்தளத்தை அடைந்தார். முப்பது வயதுக்குமேல் தமிழின் அரிச்சுவடியைத் தொடங்கிய அவர், சில ஆண்டுகளில் பெரும் புலவரானார்.

முதலில் தம் பெயரைத் தைரியநாதர் என்று வைத்துக்கொண்டார். அது வடசொல் ஆதலால், பின்னர் வீரமாமுனிவர் என்னும் தமிழ்ப் பெயரால் விளங்கினார்.

அக்காலத்து ஏட்டுச் சுவடிகளில் ஒரு பெருந்தொல்லை இருந்தது. எகர ஒகரக் குறில்களின் மேல் புள்ளி இடவேண்டும். புள்ளி இல்லையேல் நெடில். ஆனால் ஓலை கிழியும் என்று அஞ்சிப் பலர் புள்ளியை விட்டுவிட்டனர். எனவே எரி என்னும் நெருப்பும் ஏரி என்னும் நீர்நிலையும் ஒரே வடிவில் நின்றன. கொடியும் கோடியும் அவ்வாறே. முனிவர் எகரத்தின் கீழே ஒரு கோடு இழுத்து ஏகாரம் ஆக்கினார். ஒகரத்தின் கீழே சுழித்து ஓகாரம் ஆக்கினார். கொம்பின் மேலும் ஒரு சுழி சேர்த்தார். சிறு கோடும் சுழியுந்தான்! ஆயினும் இன்று முதல் வகுப்புக் குழந்தையும் நெருப்பையும் நீரையும் மயங்காமல் படிக்கிறது.

அடுத்து, சொற்களை அடுக்கினார். முன்பு நிகண்டுகள் செய்யுளாய் இருந்தன. மனப்பாடம் செய்தவர்க்கே அவை பயன்பட்டன. முனிவர் 1732-இல் சதுரகராதியை இயற்றினார். ஒரு சொல்லின் பல பொருளுக்குப் பெயரகராதி, ஒரு பொருளின் பல சொல்லுக்குப் பொருளகராதி, முக்கனி, ஐம்பூதம் போன்ற தொகைகளுக்குத் தொகையகராதி, எதுகைச் சொற்களுக்குத் தொடையகராதி என நான்கு கூறுகள். அகர வரிசை தெரிந்த எவரும் தாமே தேடிக்கொள்ளலாம்.

இன்று கணிப்பொறிக்கு நிரல் எழுதுவோரும் இவ்வழியையே நாடுகின்றனர். நம் கணக்குப் பாடத்தில் வரும் சார்புகளைப் போலச் சிறு சிறு சார்புகளை எழுதி, ஒன்றன் விடையை மற்றொன்றுக்குக் கொடுத்துக் கோப்பது சார்புநிலை நிரலாக்கம். அவ்வகையைச் சேர்ந்த ஹாஸ்கெல் என்னும் நிரல் மொழி 1990-இல் வெளிவந்தது. அதில் ஆங்கிலச் சிற்றெழுத்தில் தொடங்குவது சார்பின் பெயர். பேரெழுத்தில் தொடங்குவது வகையின் பெயர். முதலெழுத்தின் வடிவமே இன்னதென்று காட்டிவிடும். ஒரு பொருளுக்கு எக்ஸ் என்றும், அத்தகைய பல பொருள்களின் பட்டியலுக்கு எக்ஸ்எஸ் என்றும் பெயரிடுவது வழக்கம். நம் ஒருமை பன்மை போலத்தான். ஓரினச் சார்புகளை ஒரே தொகுதியில் வைப்பர். மொழியின் விதிக்கு உட்பட்ட எப்பெயரும் கணிப்பொறிக்கு ஒன்றே. பின்னால் அந்நிரலைப் படித்துத் திருத்தப்போகும் மனிதருக்காகவே இத்தனை ஒழுங்கும்.

முனிவர் உழைத்ததும் பின்வருவோர்க்காகவே. புனித சூசையப்பரின் புகழ் பாடும் தேம்பாவணியை 3615 பாக்களில் இயற்றினார். தொன்னூல் விளக்கம் என்னும் இலக்கணமும் பரமார்த்த குரு கதையும் அவர் தந்தவையே. திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்தார். ஏலாக்குறிச்சியில் அடைக்கல அன்னைக்கு ஆலயம் எழுப்பினார். 1747-இல் கேரளத்து அம்பழக்காட்டில் இறைவனடி சேர்ந்தார். 1968-இல் உலகத் தமிழ் மாநாட்டின்போது சென்னைக் கடற்கரையில் அவருக்குச் சிலை நாட்டப்பட்டது.

தோழியரே! பிறர் நேரத்தை வீணாக்காமல் தெளிவாக எழுதுவதும் ஒருவகைப் பிறரன்பே. நம் குறிப்பேட்டில் தலைப்பு இடும்போதும், நாளை கணிப்பொறியில் ஒரு சார்புக்குப் பெயர் இடும்போதும், நமக்குப் பின் அதைப் படிப்பவரை எண்ணிப் பார்ப்போம். கடல் கடந்து வந்து நம் தாய்மொழிக்குத் தொண்டு செய்த முனிவருக்கு நாம் செலுத்தும் நன்றி அதுவே.