வல்வில் ஓரி

குறி தவறாத கைக்கு எக்காலத்தும் மதிப்பு உண்டு. கூடைப்பந்தாட்டத்தில் நெடுந்தொலைவில் நின்று எறிந்த பந்தை வளையத்தினுள் வீழ்த்தும் ஆட்டக்காரனைக் காண, மக்கள் பொருள் கொடுத்துச் சென்று கூடுகின்றனர். அவனும் அத்திறமையையே தொழிலாகக் கொண்டு பெரும்பொருள் ஈட்டுகின்றான். ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன்னர்க் கொல்லிமலையில் வாழ்ந்த ஒருவன், தன் குறித்திறத்தால் வல்வில் என்னும் அடைமொழி பெற்றான். ஆயின், அவன் திறமையைக் கண்டவர் அவனுக்குப் பொருள் கொடுத்திலர். அவனிடமிருந்து பொருள் பெற்றே மீண்டனர். கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய ஓரியே அவன். ஆதன் ஓரி என்றும் புலவர் அவனைக் குறிப்பர்.

கொல்லிமலை இந்நாளில் நாமக்கல் மாவட்டத்தில் உள்ளது. 1997ஆம் ஆண்டில் அம்மாவட்டம் அமையும் வரை சேலம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. காரவள்ளியிலிருந்து மேலேறும் மலைப்பாதை 70 கொண்டையூசி வளைவுகளை உடையது. பலாவும் தேனும் தினையும் மலிந்த இம்மலையில், காண்பாரை மயக்கும் கொல்லிப்பாவை என்னும் தெய்வப் பாவை இருந்ததாகப் பண்டையோர் நம்பினர். தலைவியின் எழிலுக்கு ஓரியின் மலையிலுள்ள அப்பாவையை உவமை கூறினார் கபிலர். அவளது கூந்தலின் மணத்திற்கு ஓரியின் காட்டைத் தீண்டி வரும் காற்றை உவமை கூறினார் பரணர். உவமையாக எடுத்தாளும் அளவிற்கு அம்மலையும் அதன் தலைவனும் தமிழகம் எங்கும் அறியப்பட்டிருந்தனர்.

ஓரியின் வில்திறத்தை நேரிற் கண்டு பாடியவர் வன்பரணர். அவர் தம் சுற்றத்தாருடன் காட்டுவழியே சென்றபொழுது வேட்டுவன் ஒருவனைக் கண்டார். அவன் எய்த அம்பு முதலில் ஒரு யானையை வீழ்த்தியது. அவ்வளவில் நில்லாது, வாய் பிளந்து நின்ற புலியைக் கொன்றது, புள்ளிமானை உருட்டியது, காட்டுப்பன்றியையும் வீழ்த்தி, அயலிலிருந்த புற்றில் கிடந்த உடும்பின் உடலிற் சென்று தைத்தது. புலவர் திகைத்தார். இவன் யாவன்? கூலிக்கு வேட்டையாடுபவனாகத் தோன்றவில்லை, செல்வமுடையவன்போலக் காணப்படுகின்றான், மார்பில் ஆரம் தாழ்ந்து கிடக்கின்றது. ஒருகால் ஓரியோ? அல்லனோ? இவ்வாறு எண்ணிய அவர், பாடிப் பார்ப்போம் எனத் துணிந்து விறலியரை அழைத்தார். முழவு முழங்கிற்று, யாழ் இசைத்தது, தூம்பும் எல்லரியும் ஆகுளியும் பதலையும் உடன் ஒலித்தன. இருபத்தொரு துறைகளையும் முறையாகப் பாடி முடித்து, இறுதியில் தலைவனே என விளித்தனர். அச்சொல் தனக்குரியதாதலின் வேட்டுவன் நாணினான்.

யானையை வீழ்த்தியபொழுது நாணாதவன், தன்னைப் புகழக் கேட்டு நாணினான். அந்நாணமே அவன் ஓரி என்பதைப் புலவர்க்குக் காட்டிற்று. பல நாடுகளிலும் திரிந்த தாம் அவனை ஒத்த வேட்டுவனை யாண்டும் கண்டதில்லை என்று கூறி, அவர்கள் தம் தேவையைச் சொல்லத் தொடங்கினர். அதனைச் சொல்லி முடிக்கவும் அவன் விடவில்லை. வேட்டையிற் கொன்ற மானின் தசையைச் சமைத்து, நெய் உருக்கினாற்போன்ற தேறலுடன் உண்பித்தான். தன் மலையிற் பிறந்த பொன்னையும் மணிக்குவியலையும் அக்காட்டு வழியிலேயே அளித்தான்.

ஓர் அம்பு ஐந்து உயிர்களை ஊடுருவுமோ என்னும் ஐயம் எழுதல் இயல்பே. நாணை எவ்வளவு மிகுதியாக வலித்து விடுகின்றோமோ, அவ்வளவு விசையோடு அம்பு பாயும்; வலிய வில்லை வளைத்தற்குத் தோள்வலியும், வளைத்தபின் அசையாது குறிபார்த்தற்கு மனவடக்கமும் வேண்டும். இவ்விரண்டும் நிரம்பிய ஒருவனைக் கண்ட வியப்பால் புலவர் மிகுத்துரைத்தார் எனக் கொள்ளினும் இழுக்கில்லை. ஆயினும், புற்றில் கிடந்த அவ்வுடும்பு, இருந்த இடத்தில் புனைந்துரைப்பவர்க்கு எளிதில் நினைவு வரும் உயிரன்று. மலைக்காட்டை நடந்து கண்டவர்க்கே தோன்றுவது.

ஓரியின் கொடைபற்றி வன்பரணர் மற்றொரு பாட்டும் பாடினார். அவன்பாற் சென்ற கூத்தர் பொன்னணிகளும் யானைகளும் பெற்றனர். பசி தீர்ந்தமையால் அவர்கள் ஆடுதலையும் பாடுதலையும் மறந்துவிட்டனராம்! கழைதின் யானையார் என்னும் புலவரோ வேறொன்று கூறுகின்றார். பரிசில் கிடையாதபொழுது சென்ற வேளையையும் புள் நிமித்தத்தையும் பழிப்பதே இரவலர் வழக்கம். மழைபோல் வழங்கும் ஓரியைத் தாம் வெறுப்பதில்லை என்கின்றார் அவர். அவ்வள்ளலிடத்தும் ஒருநாள் காத்திருக்க நேர்ந்தது போலும்.

அக்காலத்தில் முள்ளூர் மலைக்குத் தலைவனாய், பெண்ணையாற்றங்கரைத் திருக்கோவலூரில் வாழ்ந்தவன் மலையமான் திருமுடிக்காரி. அவனும் பெருவீரன், கடையெழு வள்ளல்களுள் அவனும் ஒருவன். மூவேந்தரும் அவன் துணையை வேண்டிப் பொருள் விடுத்தனர். போரில் துணைநின்று அவன் பெற்ற அப்பொருளெல்லாம் பரிசிலர் கைக்கே சென்றது. அவன் குதிரைக்குக் காரி என்றே பெயர். ஓரியின் குதிரைக்கும் ஓரி என்றே பெயர். குதிரைகளும் தலைவர்களும் பெயரால் ஒன்றாகிய அவ்விருவரும் ஒருவரையொருவர் எதிர்த்துப் பொருதனர்.

அப்போரில் ஓரி இறந்தான். குறி தவறாத வில் அன்று அவனைக் காக்கவில்லை. வென்ற காரி, ஓரியின் ஊர்ப் பெருந்தெருவில் புகுந்தபொழுது ஊர் முழுதும் ஒரே குரலாய் எழுந்த ஆரவாரத்தைக் கபிலர் ஒரு பாட்டில் உவமையாக எடுத்துரைத்தார். அவரே காரியின் கொடையையும் உளமாரப் பாடியவர் என்பது நினைக்கத்தக்கது. இருவரும் புரவலராயிருக்க, யார் வெற்றியைக் கொண்டாடுவது, யார் சாவுக்கு வருந்துவது? காரி அம்மலையைத் தனக்கென வைத்துக்கொள்ளவில்லை. பலா மிகுந்த கொல்லியைச் சேரர்க்கு ஈந்தான். இச்செய்தியைக் கூறுபவர் கல்லாடனார். முன்பு ஓரியின் கொல்லி எனப் பாடப்பெற்ற மலை, பொறையன் கொல்லி எனப் பாடப்பெற்றது.

வென்றவனுக்கும் அமைதி வாய்க்கவில்லை. காரியின் கோவலூரை அதியமான் நெடுமான் அஞ்சி எறிந்தான். அவ்வதியமானைப் பெருஞ்சேரல் இரும்பொறை கொல்லிக் கூற்றத்தில் வென்று, அவனது தகடூரை அழித்தான்.

நத்தத்தனார் சிறுபாணாற்றுப்படையில் வள்ளல் எழுவரை வரிசைப்படுத்தியபொழுது, கொன்ற காரியையும் இறந்த ஓரியையும் ஒருங்கே வைத்தார். ஓரி குறும்பொறை நாட்டைக் கூத்தர்க்கு ஈந்த செய்தியை அவ்விடத்தே குறித்தார். ஏடுகளில் கிடந்த புறநானூற்றை உ. வே. சாமிநாதையர் 1894ஆம் ஆண்டில் அச்சிட்டு வெளியிட்ட பின்னர், காட்டில் நாணி நின்ற வேட்டுவனைப் பலரும் அறிந்தனர். இன்று கொல்லிமலையில் செம்மேட்டில் ஓரிக்குச் சிலை உண்டு. ஆடித் திங்களில் அவன் பெயரால் அரசு விழா எடுக்கின்றது. மலைவாழ் மக்கள் வந்து கூடுகின்றனர். அவ்விழாவில் விற்போட்டியும் நடைபெறுகின்றது.